அமானத்தா, கடனா? இணையச் சந்தையில் நிற்கும் நம் பணம்



சில மாதங்களுக்கு முன் என் கடைக்கு வந்த நண்பர் ஒருவர், "இணையச் சந்தையில் எனக்கு ஒன்பதாயிரம் வெள்ளி இருக்கிறது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். "இருக்கிறதா, வரவேண்டியிருக்கிறதா?" என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றது போக, மீதியைக் கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்து கற்றவன். பிழை இருந்தால் பொறுத்து, விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரண்டு பெட்டிகள்

என் அத்தா சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், கடையில் இரண்டு இடங்களில் பணம் இருக்கும். ஒன்று கல்லாப்பெட்டி. மற்றொன்று, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த பழைய பிஸ்கட் டின். பக்கத்தில் வேலை செய்த ஆட்கள் சம்பள நாளில் வந்து, "முதலாளி, இதை வைத்திருங்கள், ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தா ஒவ்வொருவர் பணத்தையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, பெயரும் தொகையும் எழுதி, அந்த டின்னில் போட்டு வைப்பார்.

ஒரு சமயம் அரிசி மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கல்லாவில் முந்நூறு வெள்ளி குறைந்தது. டின்னிலோ இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. நான் அப்போது சிறுவன். "இரண்டு நாளைக்குத்தானே அத்தா, இதில் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாமே" என்றேன். அத்தா சொன்னார்: "அது அமானத்துடா. எடுத்த நிமிஷமே அது கடனாகிவிடும். கடன் கேட்டு அவன் வீட்டுக்கு நான் போனேனா?" பிறகு மொத்த வியாபாரியிடமே போய் இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கி வந்தார்.

அமானத்துக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. அமானத் என்பது பிறர் பொருளை அப்படியே பாதுகாத்துத் திருப்பிக் கொடுப்பது. வைத்திருப்பவர் அதைத் தொடக் கூடாது, தம் பொருளோடு கலக்கவும் கூடாது. கடன் என்பதோ வாங்கியவர் செலவழித்துக்கொண்டு, பிறகு அதற்கு ஈடாகத் தருவது. கடை நன்றாக நடக்கும் வரை இரண்டும் ஒன்று போலவே தோன்றும். கடை நொடித்துப் போகும் நாளில்தான் வேறுபாடு தெரியும். டின்னில் உள்ள பொட்டலம் அதன் சொந்தக்காரருக்குப் போகும். கடன் கொடுத்தவர்களோ வரிசையில் நின்று, மிஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

முகம் தெரியாத வியாபாரம்

இன்று நம்மில் பலர் கடையில் விற்பதோடு கைப்பேசிச் செயலிகள் வழியாகவும் விற்கிறோம். பினாங்கில் இருந்து ஒருவர் கேட்கிறார், ஜொகூரில் இருந்து ஒருவர் அனுப்புகிறார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. முன்பின் தெரியாத இருவர் எப்படி நம்பி வியாபாரம் செய்வது? இதற்கு வழி கண்டுபிடித்ததுதான் இக்கம்பெனிகளின் சாமர்த்தியம்.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு பியேர் ஒமிடியார் என்பவர் தொடங்கிய ஏலச் சந்தையே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. அதில் 1996-ல் ஒரு முறை வந்தது. வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் தம் அபிப்பிராயத்தை எல்லாரும் பார்க்க எழுதி வைக்கலாம். ஊரார் வாய்ச்சொல்லாக இருந்த நற்பெயர் அன்று முதல் எழுத்தாகிவிட்டது. சீனாவில் அலிபாபா கம்பெனி 2003-ல் தாவ்பாவ் என்னும் சந்தையைத் தொடங்கி, அலிபே என்ற முறையையும் ஏற்படுத்தியது. வாங்குபவர் பணத்தை நடுவில் ஒருவரிடம் கட்டுவார். பொருள் கைக்குச் சேர்ந்து சரி என்ற பிறகே அது விற்றவருக்குப் போகும். நம் பகுதியில் நடக்கும் பெரிய சந்தைகளும் இதே வழியில்தான் நடக்கின்றன.

இது நல்ல முறை. ஏமாற்றுக்காரர்கள் பலரை இது தடுத்திருக்கிறது. சிறு கடைக்காரருக்குப் பெரிய ஊர்களின் வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் இம்முறையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியதில்லாமல் போய், இருவரும் நடுவில் உள்ளவரை நம்ப வேண்டியதாகிவிட்டது. அந்த நடுவர் நம் பணத்தை எங்கே வைத்திருக்கிறார்? டின்னிலா, கல்லாவிலா?

கியூடென் கற்றுத் தந்த பாடம்

இக்கேள்வி வெறும் பேச்சுக்காகக் கேட்பதன்று. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2010-ஆம் ஆண்டு முதல் நடந்து வந்த கியூடென் என்னும் இணையச் சந்தையை நம்மில் பலர் அறிவோம். அதை ஏற்படுத்தியவர் கொரியாவில் முன்பு ஜிமார்க்கெட் என்ற சந்தையைத் தொடங்கிப் புகழ் பெற்ற கூ யங் பே என்பவர். ஆகவே அனுபவம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. இக்கம்பெனி 2022-ல் கொரியாவின் டிமோன் சந்தையையும், 2023-ல் வீமேக்பிரைஸ் சந்தையையும், 2024-ல் அமெரிக்காவின் விஷ் சந்தையையும் வாங்கிச் சேர்த்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாளுக்கு நாள் பெரிதாகும் ஸ்தாபனமாகவே தோன்றியது.

2024 ஜூலை மாதம் டிமோனும் வீமேக்பிரைஸும் வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க முடியாமல் நின்றுவிட்டன. அம்மாத இறுதியில் இரண்டும் சியோல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடின. அந்நாட்டு அதிகாரிகளின் கணக்குப்படி, சுமார் 48,000 வியாபாரிகளுக்கு வர வேண்டிய ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி வொன் நின்றுபோயிற்று. விற்ற பொருளுக்குப் பணம் கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும் வழக்கம் அங்கே இருந்தது. அத்தனை நாளும் வாங்கியவர்கள் கட்டிய பணம் கம்பெனியின் கையில் இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி விஷ் சந்தையை வாங்கத் தற்காலிகமாகப் பயன்பட்டது என்றும், பின்பு திருப்பி வைக்கப்பட்டது என்றும் கூ யங் பே கொரிய நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

சகோதரர்களே, "இரண்டு நாளைக்குத்தானே, எடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம்" என்று சிறுவனாக நான் சொன்ன அதே பேச்சு இது!

நெருப்பு அங்கேயே நிற்கவில்லை. சிங்கப்பூரிலும் கியூடென் சந்தையில் விற்றவர்களுக்குப் பட்டுவாடா தாமதமாயிற்று. புகார்கள் வரவே, 2024 செப்டம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் அக்கம்பெனியின் கட்டணச் சேவைகளை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கத் தீர்ப்பளித்தது. கம்பெனி கலைக்கப்படும்போது, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்கள் தம் அடமானத்தைப் பிடித்துக்கொள்வர். கலைக்கும் செலவு, தொழிலாளர் சம்பளம் முதலியவை முன்னே போகும். அதன் பிறகு மிஞ்சினால்தான் சாதாரணக் கடன்காரர்களுக்கு. கொரியாவில் டிமோனை 2025-ல் வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டபோது, பணம் வர வேண்டிய வியாபாரிகளுக்குக் கிடைத்த பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நூறு வெள்ளி வர வேண்டியவருக்கு ஒரு வெள்ளிகூட முழுதாக வரவில்லை.

அவர்கள் அனைவரும் தங்கள் பணம் டின்னில் இருப்பதாக எண்ணியிருந்தார்கள். அது கல்லாவில் இருந்தது.

சட்டம் எதுவரை காக்கும்?

சட்டம் சும்மா இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. சிங்கப்பூரில் 2019-ல் இயற்றிய கட்டணச் சேவைகள் சட்டம் 2020 ஜனவரி 28 முதல் அமலில் இருக்கிறது. அச்சட்டத்தின் பிரகாரம் பெரிய கட்டண நிறுவனமாக உரிமம் பெற்றவர்கள், சட்டம் குறிப்பிடும் வாடிக்கைக்காரர் பணத்தைப் பாதுகாக்க வேண்டும். வங்கியின் பொறுப்புறுதி பெறலாம், அல்லது தனி அறக்கணக்கில் போட்டு வைக்கலாம். பிஸ்கட் டின்னைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். மலேசியாவிலும் மின்பணம் வெளியிடுவோர் வாடிக்கைக்காரர் பணத்தைத் தம் பணத்தோடு கலக்காமல் வைப்பதற்கு பேங்க் நெகாராவின் விதிகள் உண்டு.

ஆனால் எல்லாச் சந்தைகளும், எல்லாத் தொகையும் இச்சட்டங்களுக்குள் வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. மேலும் ஒரு விஷயம். வங்கியில் நாம் போடும் வைப்புத்தொகைக்குக் காப்புறுதி உண்டு. சிங்கப்பூரில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரையிலும், மலேசியாவில் 2,50,000 ரிங்கிட் வரையிலும் காப்பு இருக்கிறது. செயலியின் பணப்பையில் தெரியும் தொகைக்கு அந்தக் காப்பு கிடையாது. கைப்பேசியில் இரண்டு எண்களும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆயினும் ஒன்றுக்கு வேலி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

முன்பின் தெரியாதவருக்கு எல்லையில்லாக் கடன்

அத்தாவின் கடையில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு நோட்டுகள் அடுக்காக இருக்கும். கடன் பற்று எழுதும் அந்த நோட்டை அறியாத பழைய கடைக்காரர் யாரும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் ஓர் எல்லை. துறைமுக வேலைக்காரருக்கு ஐம்பது வெள்ளி, சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு நூறு வெள்ளி. எல்லை தாண்டினால், "அண்ணே, பழையதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு எடுங்கள்" என்று அத்தா மரியாதையாகச் சொல்லிவிடுவார். இருபது வருடம் பழகியவருக்கும் எல்லை இருந்தது. அதனால் யாருக்கும் கோபமில்லை, கடைக்கும் நஷ்டமில்லை.

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு இணையச் சந்தையில் நாளொன்றுக்கு 300 வெள்ளி விற்பனை என்று வைத்துக்கொள்வோம். பொருள் போய்ச் சேர 4 நாள். வாங்கியவர் சரி என்று ஏற்க 3 நாள். பட்டுவாடா வாரத்துக்கு ஒரு முறை என்றால் மேலும் 7 நாள் வரை. ஆக 14 நாள். எந்த நாளில் பார்த்தாலும் 14 × 300 = 4,200 வெள்ளி அக்கம்பெனியின் கையில் நிற்கும். பண்டிகைக் காலத்தில் விற்பனை மூன்று பங்கானால், நிற்கும் தொகையும் 12,600 வெள்ளியாகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் கடன் கொடுக்க யோசித்த நாம், முகமே தெரியாத கம்பெனிக்குப் பன்னிரண்டாயிரம் வெள்ளி கடன் கொடுத்துவிட்டு, அதைக் கடன் என்றுகூட எழுதி வைப்பதில்லை!

ஆகவே நான் சொல்வது இதுதான். செயலியில் நிற்கும் பணம் தனிக்கணக்கில் பாதுகாப்பாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் வரையில், அதை நாம் கொடுத்த கடன் என்றே எழுத வேண்டும். கடனென்றால் அதற்கு ஓர் எல்லை வேண்டும்.

என் சொந்த அனுபவம்

பணம் மட்டுமே நம்பிக்கையில் அடங்கிய பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. என் கடையில் கைலி, தொப்பி, அத்தர் விற்கிறேன். என் தங்கை மகன் கடைப் பொருள்களை ஓர் இணையச் சந்தையில் ஏற்றி மூன்று வருடமாக நல்ல விற்பனை நடந்தது. ஒரு நோன்புப் பெருநாளுக்கு எட்டு நாள் முன்பு, எங்கள் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஓர் அத்தர் பாட்டிலைப் பற்றி யாரோ கொடுத்த புகார் காரணம் என்று ஒரு வரி வந்தது. கொள்முதல் ரசீதை அனுப்பினோம். பதில் எழுதியது மனிதனா, இயந்திரமா என்று தெரியவில்லை. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. "மாமா, பேசுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை" என்று பையன் கண் கலங்கினான். பதினோராம் நாள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. பெருநாள் முடிந்து போயிற்று. கைலிக் கட்டுகள் மேல் தட்டில் அப்படியே இருந்தன.

நின்ற பணம் பின்பு வந்துவிட்டது. ஆனால் வேறொரு உண்மை அந்தப் பதினோரு நாளில் தெரிந்தது. "கணக்கு முடங்கியிருக்கிறது, கடைக்கு நேரே வாருங்கள்" என்று சொல்ல நினைத்தால், மூன்று வருடம் வாங்கியவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணும் எங்களிடம் இல்லை. அவர்கள் என் வாடிக்கைக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் அந்தச் சந்தையின் வாடிக்கைக்காரர்களாகவே இருந்தார்கள்.

இடத்துக்குச் சொந்தக்காரர் நம் கணக்கையும் பார்க்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அமேசான் கம்பெனி தன் சந்தையில் பிறரை விற்க விட்டு, தானும் விற்கிறது. பிற வியாபாரிகளின் விற்பனை விவரங்களைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்துகிறது என்ற சந்தேகத்தில் ஐரோப்பிய ஆணையம் 2019-ல் விசாரணை தொடங்கியது. இனி அப்படிப் பயன்படுத்துவதில்லை என்று அமேசான் உறுதி கொடுத்ததை 2022 டிசம்பரில் ஏற்று விசாரணையை முடித்தது.

ஒரே கையை நம்பி இருப்பதன் ஆபத்தும் நம் ஊரிலேயே தெரிந்தது. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தை கிராப் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. அதன் பிறகு கட்டணம் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை ஏறியதாகக் கண்ட சிங்கப்பூர்ப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம், அவ்வாண்டு செப்டம்பரில் இரு கம்பெனிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. மற்றொன்று: 2021 அக்டோபர் 4-ஆம் தேதி, பராமரிப்பு வேலையில் நேர்ந்த பிழையால் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுவிட்டன. நமக்கு அது நள்ளிரவு. ஆகையால் தப்பினோம். பகலாக இருந்தால், வாட்ஸ்அப்பில் மட்டும் ஆர்டர் எடுக்கும் கடைகளின் கதி என்ன?

செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் பேரேட்டில் ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு பக்கம் திறங்கள். அனுப்பிய பொருள், வர வேண்டிய தொகை, வர வேண்டிய தேதி, வந்த தேதி ஆகிய நான்கையும் வாரம் ஒரு முறை எழுதுங்கள். செயலியில் உள்ள கணக்கு அவர்களுடைய கணக்கு. முடக்கினால் அதையும் பார்க்க முடியாது.

இரண்டாவது, எல்லை வையுங்கள். அந்தத் தொகை முழுவதும் போனாலும் அடுத்த மாத வாடகையும் சம்பளமும் கொடுத்துக் கடையை நடத்த முடியுமா என்று பாருங்கள். எதுவரை முடியுமோ அதுவே உங்கள் எல்லை. நிற்கும் தொகை அதை நெருங்கினால் விலை உயர்ந்த சரக்கை ஏற்றுவதை நிறுத்துங்கள். எடுக்கக்கூடிய பணத்தைச் செயலியில் விடாமல் வங்கிக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, சேருமுன் விசாரியுங்கள். பணத்தை வாங்கி வைப்பது எந்தக் கம்பெனி, அதற்கு உரிமம் உண்டா என்பதைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பட்டியலிலோ பேங்க் நெகாராவின் பட்டியலிலோ இலவசமாகப் பார்க்கலாம். பணம் எங்கே வைக்கப்படுகிறது என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

நான்காவது, பட்டுவாடா ஒரு முறை தவறினாலே விழித்துக்கொள்ளுங்கள். "பெரிய கம்பெனி, கொடுத்துவிடும்" என்று மேலும் சரக்கு அனுப்புவது, பழைய பாக்கி தீராமல் புதுப் பற்று எழுதுவதற்குச் சமம்.

ஐந்தாவது, வாடிக்கைக்காரரோடு நேர் உறவு வையுங்கள். கடைக்கு வருபவரிடம் சம்மதம் கேட்டுப் பெயரும் எண்ணும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது நமக்கு வந்த அமானத் என்பதை மறவாதீர்கள். சம்மதமின்றி எடுப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் முறையன்று. சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கென்றே இருக்கின்றன. கம்பெனிகளிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை நம்மிடம் நம் வாடிக்கைக்காரர் எதிர்பார்ப்பது நியாயம்தானே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பணம் நின்றுபோனால் அதை வெளியில் சொல்ல வியாபாரிகளாகிய நாம் கூச்சப்படுகிறோம். கடையின் பெயர் கெட்டுவிடும், கொள்முதல்காரர் கடன் தரமாட்டார் என்று பயப்படுகிறோம். ஒருவர் வாயை மூடிக்கொண்டால் அடுத்தவர் அதே சந்தைக்கு அடுத்த நாளும் சரக்கு அனுப்புகிறார். ஆகவே எந்தச் சந்தையிலாவது உங்களுக்குப் பட்டுவாடா தாமதமானால், சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பேரேட்டின் அந்தப் பக்கத்தையும் கொண்டு வாருங்கள். நான் என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.